மண் குடித்துவிடும் என்றேன்

தம்பி,

முந்தாநாள் நீ வாட்ஸப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். கீழ் வீட்டு மர்ளியாவும் நிஜாம் நானாவும் காணியை விற்பனைக்குப் போட்டுவிட்டு மடவளைக்கே போகப்போகிறார்களாமே, வெளியாள் யாராவது வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் அம்மா, இரண்டு காணியையும் சேர்த்துப் போட்டால் பிற்காலத்தில் நல்ல இடமாக இருக்கும் என்று சொல்லியிருந்தாய். குரலில் நல்ல உற்சாகம். மெல்பேர்னில் இருந்துகொண்டு குண்டசாலை மேட்டில் உனக்கு ஒரு இடம் இருக்கவேண்டும் என்று நீ நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இதற்குப் பதிலை ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராது. முப்பது வருஷம் பிரதேச சபையில் கடிதம் அடித்தவள் நான், எழுத்தில்தான் எனக்கு எதுவும் ஒழுங்காக வரும். இதை உனக்கு மட்டுமாகவும் எழுதவில்லை. எங்கள் ஓய்வூதியக்காரர் சங்கத்து மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். என் பெயர் அதில் இருக்காது, அவர்கள் இருவரின் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், யார் எவர் என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படித்துக் காறித் துப்பினாலும் துப்பட்டும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணியை நாம் கேட்கக்கூடாது. அவர்கள் போவது என்னால். நீ போகும்போது எனக்காக வாங்கிப் பூட்டிவிட்டுப் போனாயே, தண்ணீரை மென்மையாக்கும் அந்த சொஃப்ட்னர் மெஷின், அதை நான் வைத்துக்கொண்ட லட்சணத்தால் அவர்களுடைய கிணறு உப்பாகிவிட்டது. சரி, ஒரு வரியில் சொல்லியாகிவிட்டது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது என்பதுதான் மிச்சக் கதை.

நம் காணியின் அடியில் இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புக் கல் என்று உனக்குத் தெரியும். ரோட்டுக் குழாயில் வரும் லைன் தண்ணீர் நம் ஏற்றத்துக்கு இன்னும் வந்தபாடில்லை. நம் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கேத்தலின் அடி வெள்ளையாகத் தடித்துப்போகும், சவர்க்காரம் நுரைக்காது, குளித்துவிட்டு வந்தால் தோல் மீன் செதில் மாதிரி இருக்கும். நான் சொறிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துத்தான் நீ அந்த மெஷினை வாங்கினாய். பூட்ட வந்த குழாய் வேலை பாஸ் கழிவுக் குழாயை எங்கே விடுவது என்று கேட்டார். முன் முற்றத்து சிமெந்தை ஓரமாக உடைத்து ரோட்டோர வடிகானில் விடலாம் என்றார். நான் கூடவே கூடாது என்றேன். வீட்டுக் கழிவு நீரை ரோட்டுக் கானில் விடுவது குற்றம் என்று எத்தனை பேருக்கு நான் கடிதம் அடித்திருப்பேன். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அப்படிப்பட்டவள் வீட்டுக் குழாயே கானில் கிடந்தால் ஊர் சிரிக்காதா? பின்பக்கக் கட்டுச் சுவருக்கு வெளியே மண்ணில் விடுங்கள் என்றேன். உன் அப்பா கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "அந்தத் தண்ணி எங்க போய்ச் சேரும்னு பாத்தியா?" என்று கேட்டார். "மண்ணு குடிச்சிரும்," என்றேன். அவர் திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார். மருந்துக் கடையில் ஆயுள் முழுக்க ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்று அளந்து கொடுத்த மனுஷன். அவர் கேட்ட கேள்விக்கு நின்று பதில் யோசிக்கிற பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

உன் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம் என்பதால், நான் பிந்திப் படித்த பாடத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த மெஷினுக்குள் மணல் மாதிரிச் சின்ன உருண்டைகள் இருக்கின்றன. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அவைதான் பிடித்து வைக்கின்றன. அவை நிரம்பியதும் மெஷின் உப்புத் தண்ணீரால் தன்னைத்தானே கழுவி, அந்தக் கழுவலை வெளியே தள்ளும். முன்பக்கத்தில் நாம் வைக்கவேண்டிய எண்கள் நான்கு. தண்ணீர் எவ்வளவு கடினம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாளைக்கு ஒரு கழுவல், ஒரு கழுவலுக்கு எவ்வளவு உப்பு. இந்த நான்கும் சரியாக இருந்தால் மெஷின் அளவாக உப்புத் தின்னும், அளவாகத் தண்ணீரைக் கொட்டும். நீ அன்றைக்கு ஒரு குத்துமதிப்பில் நான்கையும் வைத்தாய். நீயும் உன் மனைவியும் நாங்களும், ஆளுக்கணக்கு நாலு. இரண்டு நாளைக்கு ஒரு கழுவல். போகும் அவசரம், அதற்கு மேல் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் போனதும் அந்த நாலை இரண்டாக்கியிருக்க வேண்டும். அப்பா கண்ணை மூடியதும் ஒன்றாக்கியிருக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அதைக்கூட நீ மன்னிப்பாய். ஆனால் நான் செய்த மற்றதற்கு அந்த மாதிரிச் சாக்கு எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் கை கழுவிவிட்டு உங்கள் வீட்டுத் தண்ணீர் பட்டு மாதிரி இருக்கிறதே என்பார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். இன்னும் பட்டாகட்டும் என்று கடினத்தின் எண்ணை நானே இரண்டு தடவை ஏற்றினேன். எண் கூடினால் தண்ணீர் நல்லதாகும் என்று நினைத்தேன், பரீட்சை மார்க்ஸ் என்று நினைப்பு. எண் கூடினால் கழுவல்தான் கூடும் என்று யாரிடமும் கேட்கவுமில்லை, கூட வந்த புத்தகத்தைப் படிக்கவுமில்லை. உப்புத் தொட்டி குறையக் கண்டால் கடைக்காரரிடம் கல்லுப்பு மூட்டை சொல்லி விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு கிழவி தனியாக இருக்கிற வீட்டில் ஒரு பெரிய குடும்பத்துக்கான உப்பு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நம் குழாய்க்கிணறு ஆழம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சரிவில் இருபது அடி கீழே மர்ளியாவின் கிணறு ஆழமில்லாத திறந்த கிணறு. மேலே விட்டதெல்லாம் அங்கேதான் இறங்கியது.

மர்ளியா யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, சங்கத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷம் கீழ் வீடு. என்னைவிட ஆறு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். பொலித்தீன் பைகளில் மிளகுக் கன்று, கராம்புக் கன்று, அந்தூரியம் எல்லாம் வளர்ப்பாள். அவள் புருஷன் நிஜாம் நானா அவற்றை வேனில் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டைக்கும் மடவளைக்கும் கொண்டுபோய் விற்பார். அதுதான் அவர்களுடைய சாப்பாடு. திகனப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த அந்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு உன் அறையில்தான் இருந்தார்கள். அப்பா கேட்டைப் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகும்போது மர்ளியா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது அந்தக் கையை நினைத்தால்தான் சோறு இறங்குவதில்லை.

போன வருஷம் ஒரு நாள் கீழே போயிருந்தபோது பிளேன் டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் நாக்கில் உப்புத் தட்டியது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளாகக் கிணறு இப்படித்தான் இருக்கிறது, கன்றுகளும் ஓரம் கருகுகின்றன, வெயிலாக இருக்கும் என்று அவர் சொல்கிறார் என்றாள். நான் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு மேலே வந்தேன். நேராகப் பின்பக்கம் போய்க் கட்டுச் சுவரை எட்டிப் பார்த்தேன். நாலு வருஷத்தில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம். குழாய் முனைக்குக் கீழே புல் ஒன்றுகூட இல்லை. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, அங்கிருந்து அவள் கிணற்றுப் பக்கமாக ஒரு கோடாகச் செத்த மண். பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. சந்தேகமாக இருந்தது, நிச்சயமில்லை என்றெல்லாம் உன்னிடம் கதை விடமாட்டேன். தெரிந்தது.

அடுத்த வாரம் மர்ளியா மேலே ஏறி வந்தாள். எப்போதும் வந்தால் குசினிக்குள் வந்து உட்காருகிறவள், அன்றைக்கு வாசல் படியிலேயே நின்றாள். "அக்கா, ஒங்கட தண்ணியும் உப்பா ஈக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா மர்ளியா, எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு," என்றேன். "மழை பெய்ஞ்சா சரியாயிடும்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. அவள் சரி அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். நீ பத்து வயதில் கிரிக்கெட் பந்தால் நிஜாம் நானாவின் வேன் கண்ணாடியை உடைத்துவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாயே, உன்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சொல்லு, நீதான் உடைத்தாய் என்று சொல்லு என்று அவர் முன்னால் நிறுத்தியவள் நான். நீ அழுது அழுது சொன்னாய். அவர் உனக்கு ஒரு டொஃபி கொடுத்து அனுப்பினார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று அன்றைக்கு நேரில் பார்த்தவள்தான், அறுபத்தேழு வயதில் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். என் காதைப் பிடித்து இழுக்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தைக் கேள். சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கண்டி டவுனுக்குப் போய் மீன் தொட்டிக் கடையில் தண்ணீர் சோதிக்கும் காகிதத் துண்டு வாங்கி வந்து சோதித்தேன். நம் தண்ணீரின் கடினம் நான் ஏற்றி வைத்திருந்த எண்ணில் பாதிதான். அதை இறக்கினேன். ஆள் நாலை ஒன்றாக்கினேன். இரண்டு நாள் கழுவலை இரண்டு வாரமாக்கினேன். ஒரு கழுவலுக்கான உப்பைப் பாதியாக்கினேன். உப்பைப் பாதியாக்கினால் மெஷின் பிடிக்கும் சுண்ணாம்பு பாதியாகக் குறைந்துவிடாது, கொஞ்சம்தான் குறையும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதெல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. ஒரு மாதம் போகிற மூட்டை அப்புறம் ஒரு வருஷம் போகும் என்று ஆனது. தண்ணீரோ அதே பட்டு. என் தோலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அத்தனை உப்பும் யாருக்கும் எதற்கும் இல்லாமலே போயிருக்கிறது.

ஆனாலும் கழிவுக் குழாய் அங்கேயேதான் கிடந்தது. அதை மாற்ற பாஸைக் கூப்பிட வேண்டும். அவர் நிஜாம் நானாவின் மச்சான் முறை, ஒரு பார்வையில் விளங்கிக்கொள்வார். வெளியூரிலிருந்து ஆள் பிடித்தாலும் கட்டுச் சுவரில் நின்று வேலை செய்வது கீழே தெரியும். அதனால் இரவு இரண்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த கழுவலை மெஷினில் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினேன். கிழமையையும் நேரத்தையும் மாற்றும் வழியும் புத்தகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நிஜாம் நானா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், அதற்கு முன்பே மர்ளியா தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் குழாய் முனையில் பேசின் வைத்து உப்புத் தண்ணீரைப் பிடித்து, வாளி வாளியாக முன்பக்கம் தூக்கிக்கொண்டு போய் ரோட்டுக் கானில் ஊற்றினேன். ஆமாம், அதே கானில். முழங்கால் வலியில் படிக்குப் படி நின்று, ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து, திருடி மாதிரி ஊற்றினேன். நீ ஃபோனில் எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டால், எனக்கென்ன, ராஜாத்தி மாதிரி இருக்கிறேன் என்பேன்.

கிணறு திரும்பவில்லை. இரண்டு மழை போயும் திரும்பவில்லை. மண்ணுக்குள் இறங்கினதை மேலே நான் திருகுகிற எண் திரும்ப எடுக்காது. அது எப்போது கழுவிப் போகும் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஒரு சேரிடம், யாரோ ஒருத்தருடைய கிணறு என்று சொல்லிக் கேட்டேன். சொல்ல முடியாது மிஸ், பல வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். கீழே நிஜாம் நானா வேனில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். கன்றுகளுக்குக் கேன் தண்ணீர் எந்த மூலைக்கு? முதலில் மிளகு போனது, பிறகு அந்தூரியம். காலையில் யன்னலைத் திறந்தால் வெறும் பைகள் வரிசையாக இருக்கும், உள்ளே காய்ந்த குச்சிகள். நான் யன்னலைத் திறப்பதை விட்டுவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

உன் செய்தி வந்த பிறகுதான் நேற்று இறங்கிப் போனேன். உன் உற்சாகம் எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்தது, உன் மேல் கோபமில்லை. கிணற்றைக் கெடுத்து ஆளைக் கிளப்பிவிட்டுக் காணியையும் விலைக்குக் கேட்கிற பெண் ஒருத்தியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. மர்ளியா சாமான்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிஜாம் நானா உள்ளே கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், குழாய், எண்கள், வாளி, எல்லாம். சொல்லி முடித்து அவள் காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் சுற்றிக்கொண்டிருந்த கோப்பையைச் சுற்றி முடித்தாள். பெட்டியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும் அக்கா," என்றாள். "அவர் அந்தப் பைப்பப் பாத்திட்டு வந்து எனக்கிட்ட செல்லினார். சண்ட போடப் போனார். நான்தான் வேணாம், நான் போய் கேக்கிறன், கேட்டா அக்கா செல்லுவாங்க எண்டு மறிச்ச. அதுக்குத்தான் வந்து கேட்ட."

அவள் இன்னொரு கோப்பையை எடுத்தாள்.

"தண்ணி உப்பானதுக்கு நாங்க போகல்ல அக்கா. தண்ணிய காசுக்கு வாங்க ஏலும். கன்டு செத்தா வேற வெக்க ஏலும். நீங்க எங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு செல்லினீங்க தானே. அன்டைக்குத்தான் நான் அவருக்கிட்ட, இனி இங்க ஈக்க வேணாம் எண்டு செல்லிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் அழுது, அவளும் அழுது, ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும். டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள். கேன் தண்ணீர் என்று சொன்னாள். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்றேன் என்றும் தெரியவில்லை. குடித்திருக்க வேண்டும்.

இன்று காலை லொறி வந்தது. நிஜாம் நானா என் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார். மர்ளியா முன் சீட்டில் ஏறும்போது என் கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்ப்பாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

உன் வீட்டிலும் மெஷின் இருந்தால் அதில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது பார். தண்ணீரைச் சோதித்து எண்ணை வை, உப்பைக் குறை, கழிவு எங்கே போகிறது என்று உன் கண்ணால் போய்ப் பார். இவ்வளவும் ஒரு மத்தியான வேலை. அதைவிடப் பெரிய புத்திமதி சொல்ல எனக்கு அருகதை இல்லை. யாராவது உன் வாசலில் வந்து நின்று ஒன்றைக் கேட்டால், அவர்கள் கேட்பது பதில் தெரியாமல் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொள். என்னை அங்கே வந்துவிடச் சொல்லி டிக்கெட் போடாதே. மர்ளியாவுக்கு நீ ஃபோன் செய்து அம்மாவுக்காக ஏதாவது பேசவும் வேண்டாம், அவள் உன்னிடம் நன்றாகத்தான் பேசுவாள், எனக்கு அது இன்னும் தாங்காது.

காணி விற்பனைக்கு என்ற பலகை கீழே அப்படியே இருக்கிறது. யாராவது வாங்கத்தான் போகிறார்கள். பார்க்க வருகிற முதல் ஆளிடமே நான் இறங்கிப் போய், இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், இதைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன். முன்பின் தெரியாத ஆள், அவரிடம் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.

அம்மா